குருதிக் கொழுப்பும் உடற்பருமனும்: பரம்பரையின் பங்கு

ஒரே அடுப்பில் ஆக்கிய சோற்றை ஒரே பந்தியிலிருந்து உண்டு வளரும் சகோதரர் இருவருள் ஒருவன் மெலிந்தும் மற்றவன் பருத்தும் இருத்தலை நாம் எங்கும் காண்கின்றோம். பருத்தவனை நோக்கி, "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று கூறிவிடுதல் உலக வழக்கு. நாற்பது வயதில் மாரடைப்பால் மாண்டவனுக்கு இரங்க வந்தோரும், எண்ணெய்ப் பலகாரமும் இறைச்சியுமே அவனைக் கொண்டுபோயின என்று முற்றத்தில் நின்றே தீர்ப்புக் கூறுவர். இத்தீர்ப்புகளில் உண்மை எவ்வளவு, வீண்பழி எவ்வளவு என்பதைப் பிரித்தறிதற்குரிய கருவிகளைக் கடந்த அரை நூற்றாண்டிற் பிறப்புரிமையியல் நமக்குத் தந்துள்ளது. "நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை" என்னும் பழமொழி ஒருவாறு உண்மையே. ஆயின் எந்த நூல், எத்தனை இழை, எவ்வளவு வலிமை என்பதை ஆராய்ந்தே சொல்லல் வேண்டும்.

முதலிற் குருதியிலுள்ள கொழுப்பைப் பற்றிச் சிறிது கூறுவாம். எண்ணெய் நீரிற் கரையாது. குருதியோ பெரும்பாலும் நீர். ஆகவே கொலஸ்ட்ரோல், திரைகிளிசரைட்டு முதலிய கொழுப்புப் பொருள்கள் தாமாகக் குருதியிற் செல்லமாட்டா. புரதத்தாற் போர்க்கப்பட்ட நுண்ணிய துணிக்கைகளுள் ஏற்றப்பட்டே அவை உடலெங்கும் செல்கின்றன. இத்துணிக்கைகளைச் சரக்கேற்றிய தோணிகள் என்று கொள்ளலாம். அவற்றுள் எல்.டி.எல். எனப்படுவது கொலஸ்ட்ரோலைப் பெரிதும் சுமந்து செல்வது. தோணிகள் துறையை அடைந்து சரக்கை இறக்கிவிட்டாற் குற்றமில்லை. துறை கிடையாது நெடுநாள் அலைந்தாலோ, அவை நாடிகளின் சுவரிற் புகுந்து படிந்து, காலப்போக்கில் இதயத்திற்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுரு நாடிகளை ஒடுக்கிவிடும். எச்.டி.எல். எனும் மற்றொரு வகை, இழையங்களில் மிகுந்த கொலஸ்ட்ரோலை ஈரலுக்கு மீட்டுச் செல்லும். திரைகிளிசரைட்டோ உடலின் எரிபொருட் சேமிப்பு.

இத்தோணிகளைக் கட்டுவதும், துறைகளை அமைப்பதும், பசியை எழுப்புவதும், உண்டது போதுமென்று உணர்த்துவதும் புரதங்களின் வேலை. புரதங்களை ஆக்கும் கட்டளைகள் பரம்பரையலகுகளில் எழுதப்பட்டுள்ளன. தந்தை வழி ஒன்றும் தாய் வழி ஒன்றுமாக இரு பிரதிகளை ஒவ்வொருவரும் பெறுகின்றோம். ஒரு பிரதியில் ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்துகள் உள. உறவில்லாத இருவரை ஒப்பிட்டால் ஆயிரத்துக்கு ஓரெழுத்து அளவிலேயே வேறுபாடு காணப்படும். அவ்வேறுபாடுகளிற் பல வாளா கிடப்பன. சில சிறிதளவு விளைவு தருவன. மிகச் சில உயிரையே அசைப்பன. இம்மூன்றையும் ஒன்றாக எண்ணுதலே பரம்பரையைப் பற்றிய குழப்பங்களுக்கெல்லாம் காரணம் என்பது என் கருத்து.

உயிரை அசைக்கும் வகைக்கு எடுத்துக்காட்டாகப் பரம்பரை மிகைக் கொலஸ்ட்ரோல் நோயைக் காட்டலாம். 1938ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு வைத்தியர் கார்ல் முல்லர், சில குடும்பங்களில் உயர்ந்த கொலஸ்ட்ரோலும், தோலிலும் நாண்களிலும் கொழுப்புக் கட்டிகளும், இளவயது இதயநோயும் ஒருங்கே தலைமுறை தலைமுறையாக வருதலை எடுத்துக் காட்டினார். காரணம் விளங்க மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. அமெரிக்காவில் தலாஸ் நகரிற் பணியாற்றிய மைக்கல் பிறவுண், யோசேப்பு கோல்ட்ஸ்ரைன் என்னும் இருவரும் இந்நோயுடையோரின் தோற் கலங்களை ஆய்கூடத்தில் வளர்த்து ஆராய்ந்தனர். சுகதேகியின் கலங்கள் வெளியிலிருந்து எல்.டி.எல். கிடைக்குமாயின், தாம் கொலஸ்ட்ரோல் ஆக்குதலைக் குறைத்துக்கொள்ளும். இந்நோய் கடுமையாக உள்ளவரின் கலங்களோ, சுற்றிலும் எல்.டி.எல். நிறைந்திருந்தும், ஒன்றுமே கிடையாதன போல மேன்மேலும் கொலஸ்ட்ரோலை ஆக்கிக்கொண்டிருந்தன. வெள்ளத்தின் நடுவே தாகத்தால் வாடுபவனின் நிலை அது. எல்.டி.எல்.லைப் பற்றி உள்ளே இழுக்கும் புரதமொன்று கலத்தின் மேற்பரப்பில் உண்டு என்பதும், இவர்களிடம் அது பழுதுபட்டுள்ளது என்பதும் 1974ஆம் ஆண்டளவில் தெளிவாயின. அதனை வாங்கி என்பர். நம் உவமையில் அதுவே துறை. இவ்விருவருக்கும் 1985இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

அவ்வாங்கிக்குரிய பரம்பரையலகு 19ஆம் நிறமூர்த்தத்தில் உளது. அதிலே இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட விகாரங்கள் இதுவரை கண்டறியப்பட்டுள்ளன. ஒரு பிரதி மட்டும் பழுதாயின், துறைகள் பாதியாகும், எல்.டி.எல். இரு மடங்களவாகும். இத்தகையோர் அரியர் அல்லர்; ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவர் என்பது இன்றைய மதிப்பீடு. மருந்தின்றி விடப்பட்டால், இவர்களுள் ஆடவரிற் பாதிப்பேர் ஐம்பது வயதிற்குள் இதயநோய்க்கு ஆளாவர். இரு பிரதிகளும் பழுதாயின் நிலைமை மிகக் கொடிது. கொலஸ்ட்ரோல் ஆறு, எட்டு மடங்காகி, பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு நேரும். 1984ஆம் ஆண்டிற் பிற்ஸ்பேக் நகரில் இத்தகைய ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதயமும் ஈரலும் ஒருசேர மாற்றிப் பொருத்தப்பட்டன. கெட்டுப்போன இதயத்தை மாற்றியதன் காரணம் எளிதில் விளங்கும். நோயற்ற ஈரலை ஏன் மாற்றினர் என்று மாணவர் வினவலாம். குருதியிலிருந்து எல்.டி.எல்.லை நீக்கும் துறைகளிற் பெரும்பாலன ஈரலிலேயே உள்ளன. புதிய ஈரலுடன் புதிய துறைகளும் வந்தன. சிறுமியின் கொலஸ்ட்ரோல் பெரிதும் தாழ்ந்தது. உணவாலன்றி வாங்கியாலேயே அந்நோய் வந்ததென்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் நம்மவர்க்குரிய செய்தி ஒன்று உண்டு. மச்சானும் மச்சாளும் மணஞ் செய்தல் தமிழரிடை நெடுங்கால வழக்கு. ஒரே பாட்டனிடமிருந்து வந்த பழுதுற்ற பிரதியைக் கணவனும் மனைவியும் இருவருமே சுமந்திருக்கும் வாய்ப்பு இத்தகைய மணங்களில் மிகுகின்றது. ஆதலால் இரு பிரதியும் பழுதான பிள்ளை பிறக்கும் வாய்ப்பும் மிகுகின்றது. உறவுமணம் யாவும் தீதென்று யான் கூறவில்லை. இளவயது மாரடைப்பு வழிவழியாக வரும் குடும்பத்துள்ளே மணம் பேசும்போது, சாதகத்தைப் பார்ப்பதோடு இருவரின் கொலஸ்ட்ரோல் அளவையும் பார்த்துக்கொண்டால் நட்டமில்லை.

துறை பழுதின்றி இருப்பினும் அதனை அழிக்கும் ஆளொருவன் மிகுந்துவிட்டால் விளைவு ஒன்றே. பி.சி.எஸ்.கே.9 என்னும் புரதம் வாங்கியைப் பற்றிக் கலத்தின் உள்ளே கொண்டுசென்று அழிப்பது. 2003ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டுக் குடும்பங்கள் சிலவற்றில் இப்புரதம் அளவுக்கு மீறித் தொழிற்பட்டமையே மிகைக் கொலஸ்ட்ரோலுக்குக் காரணம் என்று கண்டனர். அடுத்து நிகழ்ந்ததே வியப்புக்குரியது. மிகை நோய் தருமாயின் குறை நன்மை தருமோ என்று தலாஸ் நகரத்து எலன் கொப்ஸ், யொனதன் கோகன் ஆகியோர் ஆராய்ந்தனர். அமெரிக்கக் கறுப்பினத்தவருள் நூற்றுக்கு 2.6 பேர் இப்பரம்பரையலகின் ஒரு பிரதியைப் பயனற்றதாகப் பெற்றிருந்தனர். ஏனையோரினும் அவர்களுடைய எல்.டி.எல். 28 வீதம் குறைவு. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியபோது இதயநோயோ 88 வீதம் குறைவாக இருந்தது. இரு பிரதிகளும் பயனற்ற பெண்ணொருத்தியின் எல்.டி.எல். 100 மில்லிலீற்றருக்கு 14 மில்லிகிராம் மட்டுமே. அவள் நல்ல சுகத்துடன் இருந்தாள்.

28 எங்கே, 88 எங்கே என்று கணித ஆசிரியர் கேட்கக்கூடும். விடை காலத்தில் உளது. ஐம்பதாம் வயதில் மருந்துண்ணத் தொடங்குபவனின் நாடிகளில் அரை நூற்றாண்டுப் படிவு முன்னரே உண்டு. இவர்களுக்கோ பிறந்த நாள் முதற் படிவு குறைவு. வட்டி சிறிதாயினும் நாள் நீளின் தொகை பெருகுமாறு போல, கொலஸ்ட்ரோலிலும் அளவைப் போன்றே ஆண்டுகளும் கணக்கிற் சேரும். இக்கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த மருந்துகள் 2015ஆம் ஆண்டு முதல் வைத்தியர் கையில் உள. அவை விலை மிக்கவை. எளிதிற் கிடைக்கும் ஸ்ரற்றின் மருந்துகளோ பழையவை. யப்பானிய அறிஞர் அகிரா எண்டோ, ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைத் தேடி ஆராய்ந்து, 1973ஆம் ஆண்டில் அரிசியிற் படரும் நீலப் பூஞ்சணம் ஒன்றிலிருந்து அவ்வகையின் முதற்பொருளைப் பிரித்தெடுத்தார்.

இனி உடற்பருமனுக்கு வருவோம். இங்கே நம் பாடப்புத்தகமே மாணவரைச் சிறிது வழி தவறச் செய்கின்றது. மெண்டலின் பட்டாணியில் நெட்டை, குட்டை என இரண்டே உண்டு, நடுவில் ஒன்றுமில்லை. அதனைக் கற்ற மாணவன், "பருமனுக்குரிய பரம்பரையலகு எது?" என்று ஒருமையிற் கேட்கின்றான். மனிதரின் எடையோ நெட்டை குட்டை போலப் பிரிந்து நில்லாது, மெலிவு முதற் பருமன் வரை இடையறாது செல்வது. பல காரணிகள் சிறிது சிறிதாகக் கூடினால் இத்தகைய தொடர்ச்சி மெண்டலின் விதிப்படியே தோன்றும் என்று ஆர்.ஏ. பிஷர் 1918இலேயே கணிதத்தால் நிறுவினார்.

பருமனிற் பரம்பரைக்குப் பங்கு உண்டா என்பதை அறிதற்குச் சுவீகாரப் பிள்ளைகளும் இரட்டையரும் பேருதவி புரிந்தனர். 1986ஆம் ஆண்டில் அல்பேட் ஸ்ரங்கார்ட் என்பவர், டென்மார்க்கிற் பிறர் வீட்டில் வளர்ந்த 540 பேரை ஆராய்ந்தார். அவர்களது உடற்கட்டு, பெற்ற தாய் தந்தையரின் உடற்கட்டோடு ஒத்துச் சென்றது. சோறூட்டி வளர்த்தவரின் உடற்கட்டோடு எவ்வித தொடர்பும் காட்டவில்லை. 1990இற் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் குளோட் புஷாட் செய்த பரிசோதனை இதனினும் சுவையானது. ஒத்த இரட்டையரான இளைஞர் பன்னிரு சோடியினருக்கு 84 நாள்கள், நாளுக்கு 1000 கலோரி அவரவர் தேவைக்கு மேலாக ஊட்டப்பட்டது. அனைவரும் ஒரே அளவு மிகையுண்டனர். ஆயின் ஒருவர் 4.3 கிலோகிராம் மட்டுமே ஏறினார், வேறொருவர் 13.3 கிலோகிராம் ஏறினார். இன்னும் நோக்குக: எந்தச் சோடியில் ஒருவன் மிக ஏறினானோ அவனுடைய இரட்டையனும் மிக ஏறினான், கொழுப்பு வயிற்றிற் படிந்ததா என்பதிலும் சகோதரனைச் சகோதரன் ஒத்திருந்தான். உண்டது ஒன்றே, உடல் எழுதிய கணக்கு வேறு.

பருமனிலும் ஒற்றை எழுத்தால் உண்டாகும் அரிய வகை இல்லாமலில்லை. அமெரிக்காவின் பார் ஆபர் நகரிலுள்ள ஜக்சன் ஆய்கூடத்தில் 1949ஆம் ஆண்டிலே ஓயாது உண்டு பருக்கும் எலிக்குலம் ஒன்று தோன்றியது. டக்ளஸ் கோல்மன் அத்தகைய எலியொன்றின் குருதியோட்டத்தைச் சாதாரண எலியின் குருதியோட்டத்தோடு இணைத்தார். பருத்த எலி உண்ணுதலைக் குறைத்து மெலிந்தது. நிறைவை உணர்த்தும் பொருளொன்று மற்றைய எலியின் குருதியிலிருந்து வந்திருத்தல் வேண்டும். 1994இல் ஜெப்ரி பிறீட்மன் அப்பொருளுக்குரிய பரம்பரையலகைக் கண்டார். கொழுப்புக் கலங்களே சுரந்து, "சேமிப்புப் போதும்" என்று மூளைக்கு அறிவிக்கும் ஓமோன் அது. மெலிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு லெப்ரின் என்று பெயரிட்டனர்.

மூன்றாண்டு கழித்து, இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜில் ஸ்ரீபன் ஓராகிலியும் சதாப் பாரூக்கியும் அடங்கிய குழுவினர், பாக்கிஸ்தானிய வழிவந்த, உறவுமணம் மிகுந்த குடும்பமொன்றின் இரு பிள்ளைகளை ஆராய்ந்தனர். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோகிராம். இரண்டு வயதுச் சிறுவனின் எடை 29 கிலோகிராம். இருவர் உடலிலும் லெப்ரின் மிகமிகக் குறைவு. சிறுமிக்கு அவ்வோமோனை ஊசியால் ஏற்றத் தொடங்கியபின், அடங்காப் பசி அடங்கி, ஓராண்டில் 16 கிலோகிராமுக்கு மேற் குறைந்தாள். அறிவுரையும் கண்டிப்பும் செய்யமாட்டாததை ஒரு புரதம் செய்தது. வகுப்பிற் பருத்த பிள்ளைக்குப் பட்டப்பெயர் சூட்டிச் சிரிக்கும் வழக்கத்தை ஆசிரியராகிய நாமும் சிற்சில வேளைகளிற் கண்டும் காணாததுபோல விட்டுவிடுகின்றோம். இச்சிறுமியின் வரலாற்றை அறிந்தபின் அவ்வாறு விடுதல் எளிதன்று.

எனினும் லெப்ரின் குறைபாடு மிக அரிது. பருத்த மக்களிற் பெரும்பாலோரிடம் லெப்ரின் குறைவாக அன்று, மிகுதியாகவே உளது. அவர்தம் மூளை அதன் குரலுக்குச் செவி சாய்ப்பதில்லை. ஆதலின் அவ்வூசி பொதுமருந்தாகும் என்ற நம்பிக்கை நிறைவேறவில்லை. இவர்களிடத்துத் தொழிற்படுவன சிறு விளைவுடைய பல வேறுபாடுகளே. அவற்றுட் பெயர் பெற்றது 16ஆம் நிறமூர்த்தத்திலுள்ள எப்.ரீ.ஓ. பரம்பரையலகினது. 2007ஆம் ஆண்டில் ஏறத்தாழ 39,000 பேரை ஆராய்ந்தபோது, அதன் ஒருவகை எதிருருவை இரு பிரதியிலும் உடையோர் அஃது இல்லாதோரினும் ஏறத்தாழ 3 கிலோகிராம் மிகுந்திருந்தனர். எல்லாவற்றினும் வலிமை வாய்ந்ததே மூன்று கிலோகிராம் என்றால் ஏனையவற்றைச் சொல்லவும் வேண்டுமோ! 2018இல் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை ஆராய்ந்து 941 வேறுபாடுகளைக் கண்டனர். அனைத்தும் சேர்ந்தும் மக்களிடை உள்ள எடை வேற்றுமையில் நூற்றுக்கு ஆறளவையே விளக்கின.

இவற்றுட் பலவும் மூளையிலே தொழிற்படும் பரம்பரையலகுகளின் அயலில் உள்ளன. அதாவது, பரம்பரை பெரும்பாலும் பசியின் வழியாகவே பருமனைத் தருகின்றது. இரண்டு அகப்பைச் சோற்றோடு ஒருவனுக்கு வரும் நிறைவு மற்றவனுக்கு நான்கு அகப்பையாலும் வராது. "அவன் மிக உண்கிறான்" என்பது உண்மையாக இருக்கலாம். ஆயின் அவ்வுண்மை காரணமன்று. அதுவே விளக்கப்படவேண்டிய காரியம்.

இதனாற் பரம்பரையே விதி என்று கொள்ளற்க. ஒரே களஞ்சியத்து நெல்லை நீர்வளம் மிக்க வயலிலும் வானம் பார்த்த தரையிலும் விதைத்தாற் பயிர் ஒன்றாக வளராது. ஒரு வயலினுள்ளே பயிருக்குப் பயிர் காணும் வேற்றுமை விதையால் ஆகலாம். வயலுக்கு வயல் காணும் வேற்றுமை நிலத்தால் ஆவது. பிமா என்னும் அமெரிக்க இந்தியக் குலத்தவரில் ஒரு சாரார் ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனாவிலும், மற்றொரு சாரார் மெக்சிக்கோவின் மலைப்புறத்தில் உழுது உண்டும் வாழ்கின்றனர். 1994இல் வெளிவந்த ஆய்வின்படி, அரிசோனாவினரின் சராசரி எடை 90 கிலோகிராம். மலையுழவரின் எடை 64 கிலோகிராம். பரம்பரை ஏறத்தாழ ஒன்றாக இருந்தும் வேறுபாடு 26 கிலோகிராம். மேற்கூறிய எப்.ரீ.ஓ. எதிருருவின் விளைவும் உடலுழைப்பு உடையோரிடத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைதலை 2011ஆம் ஆண்டில், இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளிலிருந்து அறிந்தனர்.

உடற்பருமனும் குருதிக் கொழுப்பும் ஒன்றெனக் கருதுதல் மற்றொரு தவறு. பருமன் திரைகிளிசரைட்டை ஏற்றி எச்.டி.எல்.லை இறக்கும் இயல்பினது என்பது மெய். ஆயின் வாங்கி பழுதுற்றவன் ஈர்க்குப் போல மெலிந்திருப்பினும் அவன் எல்.டி.எல். உயர்ந்தே நிற்கும். 1963ஆம் ஆண்டில் ஒஸ்லோவிற் கோரே பேர்க் கண்டறிந்த எல்.பி.(ஏ) என்னும் துணிக்கையின் அளவும் பெரிதும் பரம்பரையாலேயே அமைவது. உணவும் உழைப்பும் அதனை அசைக்கமாட்டா. தென்னாசியராகிய நம்மிடம் இன்னொரு சிறப்பு உண்டு. ஐரோப்பியரின் அதே எடையளவில் நம்முடலிற் கொழுப்பு மிகுதி. அதுவும் வயிற்றினுள்ளே மிகுதி. கிலோகிராமிலுள்ள எடையை, மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் உடற்றிணிவுச் சுட்டி 25ஐத் தாண்டினால் மிகையெடை என்பது பொதுவிதி. ஆசிய மக்களுக்கு 23லிருந்தே எச்சரிக்கை வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர்கள் 2004இல் வெளியிட்டனர். இது பரம்பரையலகாலா, தாயின் கருப்பையிற் பெற்ற குறைவுணவாலா என்பது வழக்காடப்படுகின்றது. இரண்டும் உண்டென்போர் பக்கமே யான் சாய்வேன். காரணம் எதுவாயினும், "மெலிந்தவன், அவனுக்கென்ன" என்னும் பேச்சு நம் நாட்டில் ஐரோப்பாவினும் ஆபத்தானது.

பரம்பரை மிகைக் கொலஸ்ட்ரோலை அறிதற்குப் பரம்பரையலகுச் சோதனை இன்றியமையாததன்று. குடும்பத்தில் ஐம்பத்தைந்து வயதின் முன் ஆடவருக்கோ அறுபதின் முன் பெண்டிருக்கோ மாரடைப்பு நேர்ந்திருத்தல், குதிக்கால் நாண் தடித்திருத்தல், நாற்பத்தைந்து வயதின் முன்னரே கருவிழியைச் சுற்றி வெண்ணிற வளையம் தோன்றுதல், வளர்ந்தோருக்கு எல்.டி.எல். 190 மில்லிகிராமைத் தாண்டுதல் ஆகியன வைத்தியருக்குப் போதிய குறிகளாம். ஒருவரிடம் நோய் உறுதியானால் அவர்தம் பிள்ளைகளிலும் உடன்பிறந்தாரிலும் பாதிப்பேரிடம் அஃது இருத்தல் கூடும். சாதாரணக் குருதிப் பரிசோதனையொன்றால் அவர்களைக் கண்டறியலாம். எட்டு முதற் பத்து வயதளவிலேயே ஸ்ரற்றின் தொடங்குதல் இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. பச்சைப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் மருந்தா என்று பெற்றோர் கலங்குதல் இயல்பே. அம்ஸ்ரர்டாமில் இவ்வாறு சிறுபராயத்தில் மருந்து தொடங்கிய 214 பேரை இருபதாண்டு தொடர்ந்து நோக்கி, 2019இல் முடிவை வெளியிட்டனர். இந்நோயை அவர்களுக்குத் தந்த பெற்றோருள் நூற்றுக்கு 26 பேர் முப்பத்தொன்பது வயதிற்குள் இதயநோய்க்கு ஆளாகியிருந்தனர். 7 பேர் அதனால் மாண்டிருந்தனர். அதே வயதெல்லைக்குள் பிள்ளைகளில் நோயுற்றோர் நூற்றுக்கு ஒருவர். மாண்டவர் எவருமில்லை.